வெட்டின இடம் தெரியக் கூடாது

சாலிகிராமத்தில் ஒரு வீட்டு மாடியறை. இரட்டைக் கதவு, சுவரெல்லாம் துணி போர்த்திய பலகைகள். வேலை நடக்கும்போது ஏசியை அணைத்துவிடுவார்கள், அதனால் உள்ளே நல்ல புழுக்கம். டயலாக் எடிட்டரும் அவரிடம் தொழில் பழகும் பெண்ணும் ஒரு முதிய கூத்துக் கலைஞரின் பேட்டியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். மணிக்கணக்கில் பேசியதை யாரோ அரைமணி நேரமாக வெட்டி ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். பெரியவர் குரலில் அப்படியொரு கம்பீரம். ஆனால் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘டிக்’, ‘டிக்’.

“இது ரெக்கார்டிங்ல வந்தது இல்ல சார், வெட்டினதுல வந்தது” என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் சொல்லி, எடிட்டர் ஒரு வெட்டைத் திரையில் பெரிதாக்கினார். கணினியில் அந்தக் குரல் நொடிக்கு 48,000 புள்ளிகளாக இருக்கிறது. ஒரு வாக்கியம் அலையின் உச்சியில் அறுபட்டு, அடுத்தது பள்ளத்தில் தொடங்கினால், ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே அலை செங்குத்தாக விழுகிறது. ஸ்பீக்கரும் அதே வேகத்தில் துள்ளுகிறது. அதுதான் அந்த ‘டிக்’. அலை நடுக்கோட்டைத் தொடும் இடமாகப் பார்த்து வெட்ட வேண்டும். அது மட்டும் போதாது. இரண்டு பக்கமும் அலை ஒரே திசையில் ஏறவோ இறங்கவோ வேண்டும். அதற்குமேல் ஒரு கிராஸ்ஃபேட்: ஐந்து, பத்து மில்லிநொடிக்குள் முன்னது தேய, பின்னது வளரும்.

டேப் காலத்தில் இதைப் பிளேடே செய்துவிட்டது. கால் அங்குல டேப்பை 45 டிகிரி சாய்வில் வெட்டி ஒட்டுவார்கள். நொடிக்கு 15 அங்குலம் ஓடும் டேப்பில் அந்தச் சாய்வு, ஒலியைப் படிக்கும் ஹெட்டைக் கடக்க ஏறக்குறைய 17 மில்லிநொடி ஆகும். அந்த நேரத்துக்குள் ஒரு ஒலி மற்றொன்றாக மாறிவிடும். கணக்கைக் கேட்டதும் அந்தச் சாய்வைக் கண்டுபிடித்தவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

‘டிக்’ போனபிறகுதான் நிஜமான தொல்லை தெரிந்தது. பெரியவர் பேசும்போது பாதி நேரம் மின்விசிறி ஓடியிருக்கிறது, பாதி நேரம் இல்லை. வெட்டி ஒட்டியதில், ஒரே மூச்சில் சொன்னதுபோல வரும் இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே விசிறி திடீரென்று நின்றுபோகிறது. “பேச்சு ஒட்டிக்கிச்சு, வீடு ஒட்டலை” என்றார் எடிட்டர்.

இதற்கு மருந்து ரூம் டோன். பதிவு முடிந்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு, அந்த இடத்தின் வெறும் ஒலியை அரை நிமிடமாவது பிடித்துவைக்க வேண்டும். இந்தப் பேட்டியில் யாரும் பிடிக்கவில்லை. ஆகவே அந்தப் பெண் பெரியவர் மூச்செடுக்க நிறுத்திய இடங்களையெல்லாம் தேடி, அரை நொடி, முக்கால் நொடியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒரே துண்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் காது அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் துண்டுகளை மாற்றி மாற்றிக் கோத்தார். ஓரிடத்தில் காக்கை கரைந்த கரைச்சல் பாதியில் அறுந்திருந்தது. காக்கையை அழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ மூலப்பதிவுக்குப் போய், மிச்சக் கரைச்சலைத் தேடி எடுத்துவந்து அடுத்த வாக்கியத்துக்கு அடியில் மெல்ல ஓடவிட்டார். கரைச்சல் முழுசானது, அங்கே ஒரு வெட்டு இருந்ததே தெரியவில்லை. அன்று நான் பார்த்ததிலேயே அழகான வேலை அதுதான்.

ஸ்பெக்ட்ரோகிராமில் சத்தத்தைக் கண்ணால் பார்க்கலாம். ‘டிக்’ செங்குத்துக் கோடு. மின்சார இரைச்சல் 50 ஹெர்ட்ஸில் படுக்கைக் கோடு. அதன் மடங்குகளான 100, 150லும் கோடுகள். ஆணின் குரலும் பெரும்பாலும் அந்த உயரத்தில்தான் தொடங்குகிறது. கோட்டை அகலமாக வழித்தெடுத்தால் குரலின் கனமும் கூடவே போய்விடும். “ஊசி மாதிரி எடும்மா” என்றார் எடிட்டர். “சரிண்ணே” என்று அந்தப் பெண் அகலத்தைக் குறைத்தார்.

தானாகக் ‘கிளிக்’ நீக்கும் மென்பொருளும் அவர்களிடம் உண்டு. அதை முழுப்பதிவின்மேல் ஓட்டவிடுவதே இல்லை. ஏன் என்று எனக்கு ஓட்டிக் காட்டினார்கள். ‘கட்டியங்காரன்’ என்று பெரியவர் சொல்கிறார். ‘ட்ட’வில் நாக்கு ஒரு கணம் ஒலியை அடைத்துப் பிறகு வெடித்துத் திறக்கிறது, அந்தச் சிறு வெடிப்பும் திரையில் செங்குத்துக் கோடுதான். மென்பொருள் அதையும் குறை என்று எடுத்துக்கொண்டு மழுக்கிவிட்டது. வல்லெழுத்தெல்லாம் தேய்ந்து, பல் போனவர் பேச்சாகக் கேட்டது. இரைச்சல் நீக்கியை அளவுக்கு மீறித் திருகினாலோ குரல் தண்ணீருக்குள்ளிருந்து வரும். தமிழ் ஒலிநூல்கள் பலவற்றில் அந்தத் தண்ணீர்க் குரலைக் கேட்டு வருந்தியிருக்கிறேன். மிச்சமிருக்கும் லேசான இரைச்சலைக் காது மன்னிக்கும். சிதைந்த குரலை மன்னிக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

மூச்சைப் பற்றி அன்று ஒரு வாக்குவாதமே நடந்தது. மூச்சுகளையெல்லாம் எடுத்துவிடச் சொல்லி, பேட்டியைக் கொடுத்தவர்கள் குறிப்பு அனுப்பியிருந்தார்கள். எடிட்டர் போன் போட்டார். “எழுபது வயசுக்காரர் மூச்சே விடாம பேசினா நம்புவாங்களா சார்? நாக்கு ஒட்டுற சத்தத்த எடுத்துடறேன், மூச்சு இருக்கட்டும்.” நெடுநேரப் பேச்சுக்குப் பிறகு பாதி மூச்சுக்கு அனுமதி கிடைத்தது. மீதியைச் சத்தம் குறைத்துவைக்கலாம் என்று முடிவானது.

கூலி, முடித்துக்கொடுக்கும் ஒலியின் நிமிடத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. ரூம் டோன் இல்லாத பதிவானாலும் அதே தொகைதான்; பொறுக்கிக் கோத்த நேரம் பில்லில் எங்கும் வராது. பதிவைக் கொண்டுவருபவர்களிடம் அந்த அரை நிமிடத்தைப் பிடித்துவரச் சொல்லி ஒரு காகிதத்தில் எழுதிக் கதவில் ஒட்டப்போவதாக அந்தப் பெண் சொன்னார். எடிட்டர் தலையாட்டிவிட்டு, அடுத்த வெட்டைப் பெரிதாக்கினார்.