தாடிக்கும் வேண்டும் பராமரிப்பு

 

கூந்தலுக்கு எண்ணெய் காய்ச்ச நம்மில் யாருக்குத்தான் தெரியாது? செம்பரத்தம்பூ, கறிவேப்பிலை, வெந்தயம் என்று ஆளுக்கொரு கைப்பக்குவம் வைத்திருக்கிறோம். மகளின் முடி கொஞ்சம் கொட்டினாலும் பதறிப்போகிறோம். அதே வீட்டில் வாப்பாவின் தாடியோ, கணவரின் தாடியோ தென்னந்தும்பு போலக் காய்ந்து கிடக்கும். அது நம் கண்ணில் படுவதேயில்லை. ஆண்பிள்ளையின் தாடிக்கு என்ன பராமரிப்பு என்று விட்டுவிடுகிறோம்.

தாடி வைப்பது ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்களின் வழிமுறை என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். வைத்த தாடியைப் பேணுவதும் அந்த வழிமுறையில் சேர்ந்ததுதான். முடி உள்ளவர் அதைக் கண்ணியமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு ஹதீஸ் வருகிறது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு சம்பவம் உண்டு. தலையும் தாடியும் கலைந்த கோலத்தில் ஒருவர் பள்ளிவாசலுக்குள் வந்தார். வெளியே போய்ச் சரிசெய்து வரும்படி நபியவர்கள் கையால் சைகை செய்தார்கள். அவரும் அப்படியே செய்துவிட்டுத் திரும்பி வந்தார். அதேசமயம், நாளெல்லாம் கண்ணாடிக்கு முன் நிற்பதையும் மார்க்கம் விரும்பவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் தலைவாரினால் போதும் என்ற வழிகாட்டலும் ஹதீஸில் இருக்கிறது. பேணவும் வேண்டும், அதிலேயே மூழ்கிவிடவும் கூடாது. எவ்வளவு அழகான நடுநிலை பாருங்கள்!

உப்புக்காற்றும் உவர்நீரும்

நாங்கள் இருப்பது நயினாதீவில். நாகபூசணி அம்மன் கோயிலையும் நாக விகாரையையும் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாங்கு ஒலிக்கும் பள்ளிவாசலும் இங்கே உண்டு. என் கணவர் சிறியதொரு கடை வைத்திருக்கிறார். வாப்பாவும் எங்களோடுதான்.

வாப்பா யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவர். இளமையில் துணிமூட்டையோடு ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு என்று தீவு தீவாக வியாபாரம் போய் வந்தவர். நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானில் படகு ஏறினால் ஒரு மணிநேரம் அளவில் கடலில் இருக்க வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் அலைத்தூறல் முகத்தில் அடித்து, கரையேறும்போது தாடியில் உப்புப் பூத்திருக்குமாம். அதற்காகவே தேங்காய் எண்ணெயும் இலுப்பெண்ணெயும் கலந்த ஒரு சின்னப் போத்தல் எப்போதும் அவருடைய மூட்டையில் இருக்கும். படகேறுமுன் நாலு சொட்டு உள்ளங்கையில் விட்டுத் தடவிக்கொள்வார்.

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்து மக்கள் 30ஆம் தேதி சில மணி நேரத்துக்குள் ஊரை விட்டார்கள். வாப்பா புத்தளம் வந்து சேர்ந்தபோது கையில் மூட்டையும் இல்லை, போத்தலும் இல்லை. ஓலைக்கொட்டிலில் வாழ்ந்த அந்த வருடங்களிலும் தாடியை அவர் எடுக்கவில்லை. யுத்தம் 2009இல் முடிந்தபின் நாங்கள் திரும்பி வந்தோம்.

மூன்று வருடங்களுக்கு முன் அவருக்குப் பாரிசவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது. சீப்பைப் பிடிக்க முடியாது. சவர்க்காரத்தைச் சரியாகக் கழுவிவிடவும் முடியாது. தாடி சிக்குப்பிடித்து, அடியில் தோல் வறண்டு, அரிப்பு தாங்காமல் இடக்கையால் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டார். ஒருநாள், "இதை வழிச்சுப் போடு மகள்" என்றார். எல்லாவற்றையும் இழந்த நேரத்திலும் விடாத ஒன்றை, அரிப்புக்காக விடச் சொல்கிறாரே என்று என் மனம் கேட்கவில்லை. முதலில் வைத்தியரிடம் காட்டினோம். கிருமித் தொற்று எதுவுமில்லை, வறட்சிதான் என்றார். அதற்குப் பிறகுதான் அந்தப் பழைய போத்தலின் நினைவு வந்தது.

ஏன் காய்கிறது?

தாடிமுடி தலைமுடியைவிடத் தடிப்பானது, முரடானது. தோலில் தானாகச் சுரக்கும் எண்ணெய்தான் அதற்குக் காவல். வயது ஏற ஏற அந்தச் சுரப்புக் குறைகிறது. இருப்பதையும் அடிக்கடி போடும் சவர்க்காரம் எடுத்துவிடுகிறது.

எங்கள் பகுதியின் தரை சுண்ணாம்புக்கல். கிணற்று நீர் கடினமானது, கோடையில் பல கிணறுகள் உவர்த்துவிடும். இந்த நீரில் சவர்க்காரம் நுரைக்காது. நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காகப் படியும். அது முடியில் ஒட்டிக்கொண்டால் எத்தனை தரம் வாரினாலும் தாடி முரடாகவே இருக்கும். ஆகவே தாடிக்கு ஒவ்வொரு குளிப்பிலும் சவர்க்காரம் வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் பயற்றம்மாவோ சீயக்காயோ போட்டுக் கழுவினால் போதும். பிடித்துவைத்த மழைநீர் இருந்தால் கடைசி அலசலுக்கு அதைப் பாவியுங்கள்.

எந்த எண்ணெய், எந்த வெண்ணெய்?

தேங்காய் எண்ணெய் நம் பாட்டிமார் காலத்துப் பழக்கம் மட்டுமல்ல. அதில் ஏறத்தாழப் பாதி லோரிக் அமிலம். அது முடியின் உள்ளே ஊடுருவக்கூடியது. கழுவும்போதும் வாரும்போதும் முடி இழக்கும் புரதத்தைத் தேங்காய் எண்ணெய் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அப்படிச் செய்யவில்லை என்றும் ரெலே, மொஹிலே என்ற இந்திய ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்டார்கள்.

நல்லெண்ணெய் எளிதில் சிக்கல் நாற்றம் எடுக்காது. கெடாமல் காக்கும் பொருள்கள் எள்ளிலேயே இருக்கின்றன. ஆகவே கலவைக்கு அது நல்ல துணை. ஒலிவெண்ணெயை உண்ணவும் பூசவும் ஏவும் ஹதீஸ் திர்மிதியில் உண்டு. வசதியுள்ளவர்கள் நல்லெண்ணெய்க்குப் பதில் அதைச் சேர்க்கலாம்.

இனி, கட்டியாக நிற்க ஒரு தாவர வெண்ணெய் வேண்டும். மேற்கு ஆபிரிக்காவில், கானா, புர்கினா பாசோ போன்ற நாடுகளில், கிராமத்துப் பெண்கள் ஷியா மரத்தின் கொட்டையை இடித்து, அரைத்து, கடைந்து வெண்ணெய் எடுக்கிறார்கள். கொங்கணக் கரையில் கோகம் விதையிலிருந்து எடுக்கிறார்கள். நாம் மீன்குழம்பில் போடும் கொறுக்காய்ப்புளியின் உறவு மரம் அது. நமக்குக் கிட்டியது கொக்கோ வெண்ணெய். மாத்தளை, கண்டிப் பக்கம் கொக்கோ விளைகிறது. கேக் பொருள் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், நம்மூர் இலுப்பெண்ணெய் இருக்கிறது. குளிர்நாட்களில் தானாகவே வெண்ணெய் போல இறுகும் எண்ணெய் அது. வாசனைதான் சற்றுக் கடுமை.

பசுநெய் தடவலாமா என்று சிலர் கேட்பார்கள். சில நாளில் புளித்த வாடை வந்துவிடும். பூண்டு, வெங்காயத்தின் வாடையோடு பள்ளிக்கு வருவதையே நபியவர்கள் விரும்பவில்லை. பக்கத்தில் தொழுபவரை நெய்வாடை சங்கடப்படுத்தக் கூடாதல்லவா?

செய்முறை

தேன்மெழுகு 5 கிராம் (துருவியது ஏறத்தாழ ஒரு மேசைக்கரண்டி), கொக்கோ வெண்ணெய் 15 கிராம், தேங்காய் எண்ணெய் 4 தேக்கரண்டி, நல்லெண்ணெய் 2 தேக்கரண்டி. கொக்கோவுக்குப் பதில் இலுப்பெண்ணெய் என்றால் மெழுகை 7 கிராம் ஆக்குங்கள்.

தேன் விற்பவர்களிடம் கேட்டால் அடையின் மெழுகு கிடைக்கும். அதைத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கி, துணியில் வடித்து ஆறவிட்டால் சுத்தமான மெழுகு மேலே மிதந்து இறுகும். மெழுகுதிரி மெழுகு இதற்கு ஆகாது. அது பெரும்பாலும் பெற்றோலியத்திலிருந்து எடுப்பது.

ஒரு சட்டியில் தண்ணீர் கொதிக்கட்டும். அதற்குள் ஒரு கிண்ணத்தை வைத்து முதலில் மெழுகைப் போடுங்கள். தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியஸ் வரையில் உருகும். அது உருகியபின் கொக்கோ வெண்ணெய், அதன்பின் எண்ணெய்கள். எண்ணெய்க் கிண்ணத்தை நேரே நெருப்பில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். எல்லாம் கலந்ததும் இறக்கி, சூடு சற்றுத் தணிந்தபின், விரும்பினால் மதுசாரம் கலவாத அத்தர் இரண்டு சொட்டு விடுங்கள். உலர்ந்த சின்னப் பேணியில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் கால்மணி நேரம் வைத்தால் மிருதுவாக இறுகும். மெதுவாக ஆறினால் சிலவேளை மணல்மணலாக வரும். அப்படி வந்தால் திரும்ப உருக்கிக்கொள்ளலாம்.

ஈரக்கை, ஈரக்கரண்டி உள்ளே போகக் கூடாது. தண்ணீர் சேராதவரை இரண்டு மூன்று மாதம் நன்றாக இருக்கும். வாடை மாறினால் எறிந்துவிடுங்கள்.

பூசுவது எப்படி? இஷாத் தொழுகைக்குப் பின், சுத்தமான தாடியைத் துவாயால் ஒற்றி, ஒரு கடலை அளவு எடுத்து உள்ளங்கையில் தேய்த்தால் இளகும். முதலில் தோலில் விரல்நுனியால் தொட்டு, பிறகு வேரிலிருந்து நுனிக்கு நீவி, மரச்சீப்பால் மெல்ல வாரிவிடுங்கள். சிக்கு இருந்தால் நுனியிலிருந்து எடுத்து வாருங்கள்.

வுளூவுக்குத் தடையா?

இதுதான் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி. எழத்தான் வேண்டும். எண்ணெயின் பளபளப்பும் வழுவழுப்பும் வுளூவைத் தடுக்காது. ஆனால் தண்ணீர் சேரவிடாத கட்டியான மெழுகோ கொழுப்போ படலமாக நின்றால் தடுக்கும். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் அல்மஜ்மூஉவில் இதைத் தெளிவாக்கியிருக்கிறார்கள். அதனால்தான் இந்த அளவில் மெழுகு பத்தில் ஒரு பங்குதான். பூசுவதும் கடலை அளவுதான். இரவில் பூசினால் ஸுபுஹுக்குள் ஊறிவிடும். கட்டியாக எதுவும் நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, நின்றால் வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள்.

ஷாஃபிஈ மத்ஹபில், அடர்ந்த தாடிக்கு வுளூவில் வெளிப்பக்கம் கழுவினால் போதும், விரல்களால் கோதுவது ஸுன்னத். தோல் தெரியும் மெல்லிய தாடிக்கு நீர் தோலைச் சேர வேண்டும். கடமையான குளிப்பில் தாடி அடர்ந்திருந்தாலும் நீர் தோல்வரை போக வேண்டும். ஆகவே அந்தக் குளிப்புக்கு முன் பயற்றம்மா போட்டுக் கழுவச் சொல்லுங்கள். ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்பவர்கள் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இஹ்ராமில் இருக்கும்போது வாசனையில்லாத எண்ணெயைக்கூடத் தலையிலும் தாடியிலும் பூசக் கூடாது என்பது நம் மத்ஹபின் சட்டம்.

வீட்டில் செய்வதில் இன்னொரு நிம்மதி உண்டு. கடைக் கிறீம்களில் வரும் ஸ்டியரிக் அமிலமும் கிளிசரினும் தாவரத்திலிருந்தும் வரலாம், மிருகக் கொழுப்பிலிருந்தும் வரலாம். நம் பேணிக்குள் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியும்.

எப்போது பூசக் கூடாது?

முதலில் முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி ஒருநாள் பாருங்கள். சிவந்தால், தடித்தால் விட்டுவிடுங்கள். முகப்பரு வரும் இளைஞர்களுக்குக் கொக்கோ வெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் துவாரங்களை அடைக்கக்கூடும். தாடிக்குள் மஞ்சள் நிறத்தில் பிசுபிசுத்த பொடுகு உதிர்ந்தால் அது வறட்சியல்ல. தோலில் வாழும் ஒருவகைப் பூஞ்சையின் வேலை. எண்ணெயிலுள்ள கொழுப்பை உண்டுதான் அது வளர்கிறது. எண்ணெய் தடவத் தடவக் கூடும். சீழ்க்கொப்புளம், வட்டமான படை, முடி கொத்தாகக் கழல்வது, இவற்றுக்கெல்லாம் வைத்தியரிடம்தான் போக வேண்டும்.

வாப்பாவுக்கு மூன்று கிழமைகளில் அரிப்பு அடங்கியது. நாலைந்து நாளுக்கொருமுறை நான் பூசி வாரிவிடுகிறேன். வழித்துவிடச் சொல்லும் பேச்சு பிறகு வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

சகோதரிகளே! படுக்கையிலோ சாய்மனைக் கதிரையிலோ கிடக்கும் முதியவர்கள் பசியைச் சொல்வார்கள், வலியைச் சொல்வார்கள். தாடி சிக்காகி இருக்கிறது என்று சொல்லக் கூச்சப்படுவார்கள். மகளிடமோ மருமகளிடமோ எப்படிக் கேட்பது என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். அவர்கள் கேட்குமட்டும் நாம் காத்திருக்கக் கூடாது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், வருகிற வெள்ளிக்கிழமைக்கு முன் அந்தச் சின்னப் பேணியை நிறைத்துவிடுங்கள். பெற்றோருக்குப் பணிவிடை செய்யும் பாக்கியத்தை அல்லாஹ் நம் எல்லோருக்கும் நீட்டித் தருவானாக. ஆமீன்.