தந்தமும் சந்தனமும்

நிற அட்டையில் தந்த நிறத்துக்கும் சந்தன நிறத்துக்கும் இடையே விரற்கடைதான் தொலைவு. வெள்ளையோடு மஞ்சள் சற்றே சேர்ந்தால் தந்தம். மஞ்சள் கூடிச் செம்மையும் கலந்தால் சந்தனம். முன்பு கொங்குநாட்டு வீடுகளில் இந்த ஐயமே எழுந்ததில்லை. நீற்றிய சுண்ணாம்பில் சிறிது நீலம் கலந்து, பொங்கலுக்குப் பூளைப்பூக் காப்புக் கட்டும் முன்பே வெள்ளையடித்து முடித்துவிடுவார்கள். மஞ்சளை மறைக்கத்தான் அந்த நீலம். இன்று அதே மஞ்சளை நாங்கள் விலை கொடுத்து வாங்குகிறோம்!

அம்மாவின் அறைச் சுவரில் இரண்டையும் இரண்டடிச் சதுரங்களாகப் பூசிப் பார்த்தோம். ஆடி மாதம், பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்த மேகம் கோவையை மூடியிருந்தது. அவ்வொளியில் தந்தம் சாம்பல் பூத்தது. சந்தனம் வெதுவெதுப்பை இழக்கவில்லை. இரவில் வெண்ணிற எல்.இ.டி. விளக்கின் கீழும் அப்படியே.

ஆனால் அறையில் இருக்கப்போகிறவர் அம்மா. கண்புரை முற்ற முற்ற விழிவில்லை மஞ்சளித்து, நீல ஒளியைத் தடுத்துவிடும். அவருக்கு வலக்கண்ணில் மட்டும் அறுவை முடிந்திருந்தது. அதைப் பொத்திக்கொண்டு இடக்கண்ணால் பார்த்தவர், "ரெண்டும் ஒண்ணுதானே கண்ணு" என்றார். கையை மாற்றியதும் தந்தத்தைச் சுட்டி, "இது ஆசுபத்திரிச் செவுராட்டமிருக்குது" என்றார். அவர் பல்லாண்டு கண்ட வெள்ளையெல்லாம் மஞ்சள் படிந்தவை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. எங்கள் கண்ணுக்கு இதமான தந்தம், புதுக்கண்ணுக்குக் குளிர்ந்த வெள்ளை.

நாங்கள் சந்தனத்தையே வாங்கிவிட எண்ணினோம். அம்மா உடன்படவில்லை. இடக்கண்ணுக்கு ஐப்பசியில் அறுவை. அதுவரை இரண்டு சதுரங்களும் இருக்கட்டும் என்றிருக்கிறார்.