லயத்துக் குப்பையும் மகாவலித் தண்ணீரும்

தலவாக்கலையில் புகையிரதத்தை விட்டிறங்கி, ஆட்டோவில் அரை மணி நேரம் மலையேறிப் போனால் நான் மூன்று நாள் தங்கியிருந்த தோட்டப் பிரிவு வரும். கடல் மட்டத்திலிருந்து 4000 அடிக்கு மேல். வவுனியா வெயிலில் பழகிய உடம்பு முதல் நாள் இரவு முழுவதும் நடுங்கியது. தேயிலை மலையைப் படம் பிடிப்பவர்கள் லயத்தின் பின்புறத்தைப் படம் பிடிப்பதில்லை. நான் பார்க்கப் போனது அந்தப் பின்புறத்தைத்தான்.

"என்னா மிஸ், குப்பையப் பாக்கவா வவுனியாவுல இருந்து வந்தீங்க?" என்று பீலிக்கரையில் ஓர் அக்கா கேட்டுச் சிரித்தார். அவருடைய சின்னம்மா குடும்பம் 1977 கலவரத்துக்குப் பின் வவுனியாப் பக்கம் வந்து குடியேறியதாம். எமது வாசகிகள் பலருக்கும் இந்த மலைகள்தானே தாய் தந்தையர் பிறந்த ஊர்!

நகரத்தில் குப்பை எடுக்க உழவு இயந்திரம் வருகிறது. லயத்துக்கு ஏன் வருவதில்லை? தூரமும் பாதையும் மட்டும் காரணமல்ல. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிட அது தடையாக நின்றது. இங்குள்ள பெண்கள் வாக்களித்தார்கள். ஆனால் சபையின் சேவை தோட்ட எல்லையோடு நின்றுவிட்டது. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதன் பின்னரும் இந்தப் பிரிவுக்கு வண்டி வரவில்லை. கீழே பெரிய ரோட்டோடு திரும்பிவிடுகிறது.

ஆகவே எல்லாம் லயத்தின் பின்னால் ஓடும் கானுக்குள்தான் போய் விழுந்தன. கான் அடைத்தால் மழைநீர் காம்பராவுக்குள் வரும். மலைச் சரிவில் நீர் வடியாமல் ஊறுவது எத்தகைய ஆபத்து என்பதை 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவுக்குப் பின் மலையகத்தில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. குப்பைக்கு நாய் வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும் என்றும் பெண்கள் சொன்னார்கள்.

மத்திய சுற்றாடல் அதிகாரசபை ஐந்து நிறங்களைச் சொல்கிறது. உணவுக் கழிவுக்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்ரிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்கும் சிரட்டைக்கும் மண்ணிறம். பத்தடிக் காம்பராவில் ஐந்து வாளி வைக்க இடமேது? இப்பெண்கள் மூன்று கோதுமை மாச் சாக்குகளை இஸ்தோப்பில் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒன்றில் போத்தலும் தகரமும், ஒன்றில் பிளாஸ்ரிக், மற்றதில் கடதாசி. பழைய இரும்பு வாங்க வருபவரிடம் இவற்றை விற்கிறார்கள். கிடைப்பது சிறு காசுதான். ஆனால் கொழுந்து மலைக்குப் போகும் வழியில் போத்தலோடு காலைக் கிழித்துக்கொள்வது குறைந்துவிட்டது என்றார்கள்.

மரக்கறித் தோலும் மிஞ்சிய சோறும் குழிக்குப் போகின்றன. இந்தக் குளிரில் அவை உக்குவதற்கு எங்கள் ஊரைவிட அதிக நாள் எடுக்கிறது. மழை இறங்கினால் குழி நாறும். எனவே மேலே ஒரு தகரத்தைப் போட்டு, இடையிடையே காய்ந்த இலையைச் சேர்க்கிறார்கள். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, உரம் கிடைக்காமல் எல்லோரும் அலைந்தபோது, லீக்ஸ் பாத்திக்கு இந்தக் குழி உரம்தான் கைகொடுத்தது.

எனக்குப் பயம் தந்தது வேறொன்று. ஒரு வீட்டில் மண்ணெண்ணெய் இருந்த கேன், தேயிலைக்கு மருந்தடித்த கேன். வேறொரு வீட்டில் அதே மாதிரிக் கேனில் தண்ணீர்! கழுவிவிட்டோம் என்றார்கள். எத்தனை தரம் கழுவினாலும் அதில் உண்ணும் பொருளோ குடிநீரோ வைக்கக்கூடாது. மருந்து தீர்ந்ததும் கேனை மூன்று தரம் அலசி, அந்தத் தண்ணீரை மருந்தடிக்கும் தாங்கியிலேயே ஊற்றி, கேனில் துளையிட்டுத் தோட்ட ஸ்டோருக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும். துளையிட்ட கேனை எவரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். வன்னியில் வயலுக்கு மருந்தடிக்கும் வீடுகளிலும் இதே கேன்களை நான் கண்டிருக்கிறேன்.

இன்னொரு பழக்கம், ஈர விறகு பற்றவேண்டுமென்று பொலித்தீனைக் கொளுத்தி அடுப்பில் போடுவது. வெளியில் குப்பையோடு பிளாஸ்ரிக்கை எரிப்பது 2017 செப்டெம்பரிலிருந்து சட்டப்படி தடை. ஆனால் அடுப்படிக்குள் யார் வந்து பார்ப்பார்கள்? அந்த நச்சுப் புகையை முதலில் குடிப்பது சமைப்பவளும் அவள் இடுப்பிலிருக்கும் குழந்தையுமே. காய்ந்த மானாப்புல்லை ஒரு கட்டு அடுப்புக்கு மேலே வைத்திருக்கும் ஒரு பாட்டியின் யோசனையை இப்போது இரண்டு மூன்று வீடுகள் பின்பற்றுகின்றன.

இது மலையகத்தின் கதை, எமக்கென்ன என்று நினைக்கவேண்டாம். ஹட்டன் மலைமுகட்டின் ஒரு பக்கத்து நீர் டிக்கோயா வழியாகக் களனி கங்கைக்குப் போகிறது. மறுபக்கத்து நீர் கொட்டகலை வழியாகக் கொத்மலை ஓயாவில் விழுந்து, மகாவலியாகி, ஒரு கிளை வெருகலாறாகப் பிரிந்து திருகோணமலைக் கடலைச் சேர்கிறது. 2006இல் மாவிலாற்று மதகு பூட்டப்பட்டபோது அந்தத் தண்ணீருக்காக நடந்ததை மூதூர், ஈச்சிலம்பற்றுச் சகோதரிகளுக்கு நான் சொல்லவேண்டுமா?

பழைய இரும்பு சேர்த்து விற்பது வன்னியிலும் பல பெண்களுக்குப் பிழைப்பு. தோட்டத்துப் பெண்கள் கானுக்குள் கைவிட்டு எடுப்பதுபோல் நாங்கள் எடுக்கமுடியாது. இன்னதென்று தெரியாத உலோகத்தைத் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்துப் பொலிசுக்கு அறிவியுங்கள். பிள்ளைகளைப் பொறுக்க அனுப்பவே வேண்டாம்.

நான் புறப்பட்ட காலை, 2025 மே மாதத் தேர்தலில் தெரிவான சபை உறுப்பினருக்கு லயத்துப் பெண்கள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். வாரத்தில் ஒரு நாளாவது பிரட்டுக்களம் வரை வண்டி வரவேண்டும், பட்டரியையும் உடைந்த மின்குமிழையும் தனியே எடுக்கவேண்டும் என்று. மாதவிடாய்த் துவாய்களையும் சேர்த்து எழுதவா என்று ஒரு தங்கச்சி மெதுவாகக் கேட்டாள். "எழுது புள்ள, அவுக வீட்லயும் பொம்பளைங்க இருக்காங்கதானே" என்றார் பீலிக்கரை அக்கா.