பழைய ஆயில் போன இடம்

வீட்டிலேயே கார் ஆயில் மாற்றுகிறவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு ஓயாது. எந்த கிரேடு, எந்த ஃபில்டர், பட்டறையில் எவ்வளவு தீட்டுகிறார்கள் என்று மணிக்கணக்கில் போகும். இறக்கிய பழைய ஆயிலை என்ன செய்தாய் என்று மட்டும் யாரும் யாரையும் கேட்பதில்லை. என்னையும் பல வருஷம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். கடைசியில் ஒருவர் கேட்டார். பொய்தான் சொன்னேன்.

நான் வேலை தெரியாமல் கெடுத்தவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் குற்றத்தில் அதுவும் சேர்த்தி. என்னுடையது பெட்ரோல் ஸ்விஃப்ட். ஃபில்டரோடு சேர்த்து மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆயில் பிடிக்கும். பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறது வண்டியோடு வந்த புத்தகம். வண்டியை ஒரு சுற்று ஓட்டிவந்து, ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போதே இறக்க வேண்டும். ஆறிப்போனால் அடியில் தங்கியது முழுசாக வராது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்த பிறகுதான் அடியில் தலையை நீட்ட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுத்தவர்களின் கதை பட்டறைகளில் நிறைய உண்டு. ட்ரெயின் போல்ட்டைக் கடைசிப் புரியில் உள்பக்கமாக அழுத்திப் பிடித்தபடி சுழற்றிச் சட்டென்று எடுத்தால் கை நனையாது. போல்ட்டுக்குப் புது வாஷர். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவிக் கையாலேயே இறுக்க வேண்டும், ஸ்பேனர் போட்டு முறுக்கக் கூடாது. பிறகு புது ஆயிலை ஊற்றி, ஒரு நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்திச் சற்று நேரம் கழித்து டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் இரண்டு கோட்டுக்கும் நடுவே தேன் நிறத்தில் நிற்கும். அந்தக் கணம் நன்றாகத்தான் இருக்கும். இன்றைக்கும் அதை மறுக்க மாட்டேன்.

பானெட்டுக்குள் கழுவுவது இன்னொரு பைத்தியம். சென்னையில் ராத்திரி தெருவில் நிற்கிற வண்டிக்குள் எலி குடியிருக்கும். வேப்பங்குச்சி, சிக்கன் எலும்பு, கடித்த ஒயர் எல்லாம் இன்ஜின் மேலேயே கிடக்கும். முதலில் அதைப் பெருக்கத்தான் ஆரம்பித்தேன். பிறகு டிகிரீசர் வாங்கினேன். ஆல்டர்னேட்டருக்கும் ஃபியூஸ் பெட்டிக்கும் பாலிதீன் கட்டி, ஆறிய இன்ஜினில் மருந்தை அடித்து, பழைய டூத் பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்து, குழாயில் மெல்லிசாகத் தண்ணீர் விட்டுக் கழுவுவேன். ஒருமுறை அவசரப்பட்டு பிரஷர் வாஷரை வாடகைக்கு எடுத்து அடித்ததில் பிளக் குழிக்குள் தண்ணீர் இறங்கி, வண்டி முக்கி முனகி ஒரு சிலிண்டர் அடிக்காமல் நின்றது. அதுவும் எனக்குச் சொல்லிச் சிரிக்க ஒரு கதையாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் வேண்டுமென்றே பானெட்டைத் திறந்து வைத்திருப்பேன். தெருவில் போகிறவர்கள் நின்று, "ஷோரூம்ல இருந்து எடுத்த மாதிரி வெச்சிருக்கீங்களே" என்று சொல்ல வேண்டும். சொன்னார்கள்.

கழுவிய தண்ணீர் எங்கே போயிற்று என்பதற்கு வருகிறேன்.

எங்கள் வீடு மடிப்பாக்கத்தில். 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது எல்லோரையும்போல நாங்களும் கேட்டுக்குப் பக்கத்தில் குழி வெட்டி, ஜல்லியும் மணலும் நிரப்பி, ஓட்டை போட்ட சிமென்ட் மூடி போட்டோம். போர்ட்டிகோவின் தரை அந்தக் குழியை நோக்கித்தான் சரியும். நல்ல கொத்தனார், வாட்டம் சரியாகக் கொடுத்திருந்தார். ஒரு சொட்டு தெருவுக்குப் போகாது. டிகிரீசரும் கிரீஸும் கலந்த கறுப்புத் தண்ணீர் அத்தனையும் அந்த வாட்டத்தில் வழிந்து மழைக்காகக் கட்டிய குழியில் இறங்கியது. அதற்குப் பத்தடி தள்ளி எங்கள் போர்.

பழைய ஆயில்? கொஞ்ச நாள் கேன்களில் சேர்த்து மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். கொஞ்சம் வேலிக் கம்புகளுக்குக் கரையான் வராமல் இருக்கப் பூசினேன். சென்ட்ரிங் வேலை செய்கிற ஒருவர் பலகையில் கான்கிரீட் ஒட்டாமல் இருக்கத் தடவ ஒரு கேன் கேட்டு வாங்கிப் போனார். மிச்சத்துக்கு இடமில்லை. ஓர் இரவு, மழை வரும்போல இருந்தபோது, மூடியைத் தூக்கி அதே குழியில் ஊற்றினேன். பிறகு அது பழகிவிட்டது. எப்போதும் ராத்திரியில்தான் ஊற்றினேன் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். தெரியாமல் செய்கிறவன் பகலில் செய்வான்.

ஆயிலைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும் என்றேனே, இதுவும் தெரியும். இன்ஜினுக்குள் ஓடிய ஆயிலில் தேய்ந்த இரும்பும் அலுமினியமும் செம்பும் இருக்கும், எரியாத பெட்ரோலும் புகைக்கரியும் இருக்கும், தேய்மானத்தைத் தடுக்கக் கம்பெனியே சேர்த்த துத்தநாகம் இருக்கும். மண்ணில் சுலபத்தில் மட்காது. தண்ணீரின் மேல் ஏடாகப் படர்ந்து காற்று உள்ளே போகவிடாது. ஒருமுறை ஆயில் மாற்றும்போது மிஞ்சுகிற பழைய ஆயில் பத்து லட்சம் கேலன், அதாவது 38 லட்சம் லிட்டருக்குக் கிட்ட, நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லிவருகிற கணக்கு. அதை நானே நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன், மற்றவர்களைத் திட்டுவதற்காக.

திட்டுவதில் குறை வைக்கவில்லை. 2017 ஜனவரி 28-இல் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி ஆயில் கடலில் கொட்டியது. மீனவர்களும் மாணவர்களும் கடலோரக் காவல் படையினரும் பாறை இடுக்கில் நின்று வாளி வாளியாக அள்ளிய படங்களைப் பார்த்து ஆபீஸ் கேன்டீனில் நான் போட்ட சத்தம் இன்னும் சிலருக்கு ஞாபகம் இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் ஆயில் பரவி, படகும் வலையும் கறுத்து, கூழைக்கடாக்கள் சிறகு ஒட்டிப்போய் நின்றபோதும் கத்தினேன். "இவனுங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?" என்று கேட்டது நான்தான். அந்த வாரம் மாடிப்படிக்கு அடியில் இரண்டு கேன்கள் இருந்தன. வெள்ளம் வடிந்ததும் எங்கே ஊற்றினேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

மனசுக்குள் கணக்குச் சொல்லிக்கொள்ள ஆயிரம் வழி உண்டு. அது டன் கணக்கு, இது லிட்டர் கணக்கு. ஜல்லியும் மணலும் வடிகட்டிவிடும். பட்டறைக்காரன் மட்டும் என்ன ஒழுங்கு? எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் போர் தண்ணீரில் ஆயில் மிதக்கவில்லை. யாருக்கும் வாந்தி பேதி வரவில்லை. நான் கொட்டியதால் இன்ன கேடு வந்தது என்று ஒருவராலும் என்மேல் விரல் நீட்ட முடியாது. இந்தக் குற்றத்தின் சௌகரியமே அதுதான்.

பணம் மிச்சம் பிடிக்கத்தான் செய்தேனா என்றால் அதுவும் முழு உண்மையில்லை. கூலியில் சில நூறு மிச்சமாகும், டிகிரீசருக்கும் பிரஷ்ஷுக்கும் அது சரியாகிவிடும். ஆயிலைக் கொண்டுபோய்க் கொடுக்க இடமில்லாமலும் இல்லை. எங்கள் தெருமுனையில் பட்டறை இருக்கிறது. வாசலிலேயே பழைய ஆயில் பீப்பாய் நிற்கும். பல வருஷம் என் வண்டியைப் பார்த்தவர் அங்கேதான் இருக்கிறார். சொந்தமாகச் செய்ய ஆரம்பித்ததும் அவரிடம் போவதை நிறுத்தினேன். வழியில் பார்த்தால், "இப்பல்லாம் நானே பண்ணிக்கறேன் அண்ணே" என்று கொஞ்சம் மிதப்பாகச் சொன்னேன். அப்படிச் சொல்லிவிட்டு, கறுப்பு ஆயில் கேனைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலில் போய் நிற்பதா? பட்டறைக்கு வேலை கொடுக்காதவன் கழிவை மட்டும் கொடுக்கப் போனால் என்ன நினைப்பார்? இந்த வெட்கத்துக்காகத்தான் நிலத்தில் ஊற்றினேன். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

போன ஐப்பசிக்கு முன்னால் மழைநீர்க் குழியைத் தூர் வாரச் சொன்னாள் மனைவி. மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் போர்ட்டிகோவில் தேங்குகிறது என்றாள். ஒரு பெரியவர் வந்தார். மூடியைத் தூக்கி, இறங்கி, ஜல்லியைக் கூடையில் அள்ளிக் கொடுத்தார். மேலிருந்த இரண்டு கூடைக்குப் பிறகு வந்த மணல் கரிசல் மண்போல இருந்தது. அதற்கடுத்த கூடை களி. மண்ணெண்ணெயும் கருகின ரப்பரும் சேர்ந்த வாடை வந்தது. பெரியவர் முழங்கை வரைக்கும் கறுப்பாக நின்று, கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல யாரு சார் ஆயில் ஊத்துனது?" என்றார்.

மேல் போர்ஷனில் முன்பு ஒரு பையன் குடியிருந்தான். பைக் வைத்திருந்தான். ஒழுங்காக வாடகை கொடுத்து, போகும்போது சொல்லிக்கொண்டு போன பையன்.

"முன்னாடி குடியிருந்தவன் பைக்கை இங்கதான் பிரிச்சுப் போடுவான். அவன் வேலையா இருக்கும்" என்றேன்.

யோசிக்கக்கூட இல்லை. அவ்வளவு சரளமாக வந்தது. "படிச்ச புள்ளைங்க" என்று தலையை ஆட்டிவிட்டுப் பெரியவர் மறுபடி குனிந்தார். வெறுங்கை. தோலில் திரும்பத் திரும்பப் படவிடாதே, பட்டால் சோப்புப் போட்டுக் கழுவு என்று ஆயில் கேனிலேயே எச்சரிக்கை அச்சடித்திருக்கிறது. நான் ஆயில் மாற்றும்போது நைட்ரைல் கையுறை போடுவேன். அந்தப் பெட்டி ஷெல்ஃபில் அவர் கண் எதிரே இருந்தது. எடுத்துக் கொடுக்கவில்லை. கொடுத்தால், எதற்கு இவ்வளவு கையுறை என்று கேட்டுவிடுவாரோ என்று தோன்றியது.

சாக்குகளில் கட்டிய அந்த மணலைக் குப்பை வண்டிக்காரரிடம் தனியாகக் காசு கொடுத்து அனுப்பினேன். எங்கள் பக்கத்துக் குப்பை போகுமிடம் பெருங்குடி. அந்தக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்திலேயே எழுந்தது. அந்தச் சதுப்புநிலத்துக்கு 2022-இல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தபோது பூநாரைப் படத்தைப் போட்டு, "எங்க ஏரியா" என்று பெருமையடித்தவனும் நான்தான். மடிப்பாக்கத்தின் மழைநீர் அங்கே போய்த்தான் சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம், கடல். குழியில் ஊற்றினாலும் தெருவில் ஊற்றினாலும் ஆயிலுக்கு வேறு வழி கிடையாது.

அன்று ராத்திரி மனைவியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. "அந்தப் பையனை ஏங்க இழுத்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். பதில் இல்லை.

அடுத்த தடவை ஆயில் மாற்றியதும் கேனைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். நான் பயந்த கேலி எதுவும் நடக்கவில்லை. பட்டறைக்காரர் ஒரு வண்டிக்கு அடியில் இருந்தபடியே, "பீப்பாய்ல ஊத்திட்டுப் போங்க சார், தண்ணி கிண்ணி கலக்கலையே?" என்றார். தண்ணீரோ கூலன்ட்டோ பெட்ரோலோ கலந்தால் எடுக்கிறவர்கள் வாங்க மாட்டார்களாம். பழைய ஃபில்டரையும் கவிழ்த்து வடியவிட்டுக் கொண்டுவரச் சொன்னார். ஆயிலுக்கு லிட்டர் கணக்கில் காசு வருகிறது அவருக்கு. நான் இத்தனை நாள் நிலத்தில் ஊற்றியது அவருக்கு வரவேண்டிய வருமானம் என்பதுகூட எனக்கு உறைத்ததில்லை. ஆயில் தேய்ந்து தீர்ந்துபோகிற பொருள் இல்லை, அழுக்காகிறது, அவ்வளவுதான். சுத்திகரித்தால் மறுபடி நல்ல ஆயிலாகும். 2016-இன் அபாயகரமான கழிவு விதிகளில் இதற்கு இடமிருக்கிறது. 2024 ஏப்ரல் முதல் ஆயில் தயாரிக்கிற கம்பெனிகளும் பழைய ஆயில் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும். எல்லாப் பீப்பாயும் ஒழுங்கான இடத்துக்குப் போகிறது என்று சத்தியம் செய்ய மாட்டேன். யார் வந்து எடுக்கிறார், ரசீது தருகிறாரா என்று கேட்டுவிட்டு ஊற்றுங்கள். என் குழியைவிட எந்தப் பீப்பாயும் மேல்.

பானெட்டைக் கழுவுவதை விட்டுவிட்டேன். ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைக் காயவைத்துத் தனியாக எடுத்து வைக்கிறேன். இன்ஜின் முன்னைப்போலப் பளபளக்கவில்லை, ஓட்டத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. பெரியவரிடம் உண்மையை இன்னும் சொல்லவில்லை. மேல் போர்ஷன் பையனின் நம்பர் என் போனில் இருக்கிறது, அவனையும் கூப்பிடவில்லை. இதைப் படிக்கிறவர்களிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது, அவர்களிடம் சொல்ல வாய் வரவில்லை.

வீட்டில் ஆயில் மாற்றுகிற பழக்கம் உங்களுக்கும் இருந்தால், மாடிப்படிக்கு அடியில் ஒரு கேன் நிச்சயம் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமையே தூக்கிக்கொண்டு தெருமுனைப் பட்டறைக்குப் போங்கள். உங்களைக் கேலி செய்ய அங்கே யாருக்கும் நேரமில்லை.