தாத்தா விட்டுப்போன 315

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் மக்காச்சோளமும் மரவள்ளியும் போட்டிருக்கிறார் அந்த விவசாயி. வயது 58. அப்பா இறந்தபின் அவர் பங்குக்கு வந்த சொத்துகளில் ஒன்றுக்கு மட்டும் பட்டா கிடையாது, லைசென்ஸ்தான் உண்டு. அது மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியில் செய்த .315 போல்ட் ஆக்‌ஷன் வேட்டைத் துப்பாக்கி.

லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது. போலீஸ் ஸ்டேஷனிலோ, உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்தாக வேண்டும். அவர் கடையில் வைத்திருக்கிறார். இனி வாரிசு என்ற முறையில் தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம், இல்லையென்றால் விற்றுவிடலாம்.

சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் தம்பி மகனுக்கு இதில் குழப்பமே இல்லை. "அந்தப் பழைய இரும்பைத் தள்ளிவிட்டுட்டுப் புதுசா ஒண்ணு வாங்கலாம் பெரியப்பா" என்று வீடியோ வீடியோவாகக் காட்டுகிறான்.

அவன் சொல்வதில் பாதி நியாயம். பழைய ரைஃபிளின் கட்டை வால்நட் மரம். மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பினால் பேரலை அழுத்தும், குறி நகர்ந்துவிடும். புதியவற்றில் கட்டை பிளாஸ்டிக், பேரல் எதிலும் உரசாமல் தனியாக நிற்கும். ட்ரிகரின் கனத்தை வேண்டிய அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஸ்கோப் மாட்ட இடம் தயாராக இருக்கும். பன்றிகள் பொழுது சாய்ந்தபிறகுதான் வயலில் இறங்கும். அந்த மங்கலில் இரும்புக் குறியை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

பெரியப்பாவிடமும் பதில் இருக்கிறது. பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட .303 ராணுவத் துப்பாக்கியின் லீ என்ஃபீல்டு உடம்பில், 8 மி.மீ. தோட்டா போகும்படி செய்ததுதான் .315. அதன் பூட்டுப் பற்கள் போல்ட்டின் பின்பக்கம் இருப்பதால் போல்ட்டைக் கொஞ்சம் தூக்கினாலே போதும், மளமளவென்று அடுத்த தோட்டா ஏறும். மௌசர் வகையில் பற்கள் முன்னால். பூட்டு இன்னும் உறுதி. ஜிம் கார்பெட்டுக்கு 1907-ல் பரிசாகக் கிடைத்த .275 ரிக்பி, மௌசர் வகைதான். மேகசினிலிருந்து தோட்டா எழும்போதே அகலமான ஒரு கொக்கி அதன் பின்விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். துப்பாக்கி எந்தக் கோணத்தில் சாய்ந்தாலும் தோட்டா நழுவாது. புலிக்கு முன்னால் நிற்பவருக்கு அது உயிர் விஷயம். 1962-ல் வந்த ரெமிங்டன் 700 போன்றவை அந்தக் கொக்கியை விட்டுவிட்டு, தோட்டாவைச் சும்மா உள்ளே தள்ளின. செலவு குறைவு. வின்செஸ்டரும் 1964-ல் தன் மாடல் 70-ல் இதையே செய்தது. வேட்டைக்காரர்கள் முணுமுணுத்து முணுமுணுத்து, கடைசியில் பழைய கொக்கியே திரும்பி வந்தது.

தம்பி மகன் கவனிக்காத ஒன்றும் உண்டு. அவன் காட்டும் வெளிநாட்டு ரைஃபிளை, பெயர்பெற்ற போட்டி வீரராக இருந்தாலொழிய, இங்கே ஒருவர் இறக்குமதி செய்ய முடியாது.

மலைமேல் கதை வேறு. அங்கே ரைஃபிளைக் கண்டவர்களே குறைவு. கருமருந்தை இடித்து, தேங்காய் நாரை அடைத்து, இரும்புக் குண்டு போட்டுச் சுடும் நாட்டுத் துப்பாக்கிதான் பழக்கம். ஒரு முறை சுட்டால் மறுபடி மருந்து கெட்டிக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் வழக்கு. பயிர்க் காவலுக்கென்று ஆயுதச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதும் ரைஃபிளை அல்ல, இப்படி வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான் என்பது வேடிக்கை.

தாத்தா அந்த .315-ஐ வாங்கியது 1968-ல். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-ல் வேட்டை முற்றிலும் போனது. அதன்பிறகு அது அதிகமாகப் பயணம் செய்தது தேர்தல்களுக்குத்தான். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் ஒப்படைப்பு, முடிந்ததும் திரும்ப வாங்கிவந்து திண்ணையில் உட்கார்ந்து எண்ணெய்த் துணியைக் கயிற்றில் கட்டிக் குழலுக்குள் இழுத்துத் துடைப்பு. பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்தவர்தான் இப்போது வாரிசு.

பன்றி இன்னும் வருகிறது. போன பட்டத்தில் கால் ஏக்கர் சோளம் போனது. 2025 ஜனவரி அரசாணைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடலாம். ஆனால் வனத்துறையினர்தான் சுட வேண்டும், விவசாயி அல்ல. அவர் வயல் காட்டிலிருந்து 1 கிலோமீட்டர்கூட இல்லை.

வாரிசு லைசென்ஸ் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து பீரோவில் வைத்திருக்கிறார். துப்பாக்கி எதற்குத் தேவை என்று கேட்கும் இடம் மட்டும் காலி.

"அறுப்பு முடியட்டும்டா, பார்க்கலாம்" என்கிறார் தம்பி மகனிடம்.