யெஸ்டி விற்பனைக்கு!

பழைய பேப்பரை விற்பது சுலபம். தராசில் வைத்தால் காசு. பழைய மோட்டார் சைக்கிளை, அதுவும் முதல் உதையிலேயே கிளம்புகிற பழைய மோட்டார் சைக்கிளை விற்பது இருக்கிறதே... அது பெரும்பாடு!

என்னுடையது 1986 மாடல் யெஸ்டி ரோட்கிங். 250 சி.சி., டூ ஸ்ட்ரோக், இரண்டு பக்கமும் சைலன்ஸர். மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி செய்தது. 1961-ல் 'ஜாவா'வாக ஆரம்பித்து, எழுபதுகளில் 'யெஸ்டி' என்று பெயர் மாறி, 1996-ல் ஃபாக்டரியை இழுத்து மூடினார்கள். 2022-ல் அதே பெயரில் வந்தது புது அவதாரம். அதற்கு பட்டனை அமுக்கினால் போதும். என் ஆளை உதைத்தால்தான் பேசுவார்.

அந்த உதையில்தான் வந்தது வினை. டாக்டர் என் முழங்கால் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "வண்டியா, முட்டியா... ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணுங்க" என்றார். பையனுக்கு காலேஜ் ஃபீஸ் வேறு கட்ட வேண்டியிருந்தது. முட்டி ஜெயித்தது.

'என்ன விலை சொல்லலாம்?' என்று வீட்டில் கேட்டேன். "முப்பது வருஷமா ஞாயித்துக்கிழமையானா என்னைவிட அதுகிட்டதான் ஜாஸ்தி பேசியிருக்கீங்க. அதையும் சேர்த்துப் போடுங்க" என்றாள் மனைவி.

முதலில் ஒருவர் போனில், "விண்டேஜ் வண்டியா சார்?" என்றார். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வயசு தாண்டினால்தான் அந்தப் பட்டம். என் வண்டிக்கு 2036 வரை பொறுக்க வேண்டும். சொன்னேன். போனை வைத்துவிட்டார்.

அடுத்து நண்பனோடு ஒரு பையன் வந்தான். வண்டியை மூன்று முறை வலம் வந்து, "கிக்கர் கழண்டு விழுந்துடுச்சா சார்?" என்றான். யெஸ்டியில் கியர் லீவரேதான் கிக்கர். உள்ளே தள்ளித் திருப்பினால் உதைக்கலாம். செய்து காட்டினேன். கைதட்டிவிட்டுப் போய்விட்டான்.

மூன்றாவதாக வந்தவர் புதிதாக ரெஸ்டாரன்ட் ஆரம்பிப்பவர். "ஆஹா... சூப்பர் கண்டிஷன் சார்! நீங்க சொன்னதுக்கு மேல பதினைஞ்சாயிரம் தர்றேன்" என்றார். எனக்கு ஒரு செமஸ்டர் ஃபீஸ் கண்முன் ஓடியது. "எங்கே ஓட்டப்போறீங்க?" என்றேன். "ஓட்டறதா? என்ஜினைக் கழட்டிட்டு சுவத்துல மாட்டப் போறோம். கஸ்டமர்ஸ் போட்டோ எடுத்துப்பாங்க!"

"யோசிச்சு சொல்றேன்" என்றேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் வந்தான் நான்காவது ஆள். ஆபீஸ் அடையாள அட்டையைக் கழற்றாமலே வந்திருந்தான். வணக்கம் சொன்ன கையோடு என்ஜினைத் தொட்டுப் பார்த்தான். "எதுக்கு தம்பி?" என்றேன். "நான் வர்றதுக்கு முன்னாடியே சூடு பண்ணி வச்சிருக்கீங்களான்னு பார்த்தேன் சார்" என்றான். ஜில்லென்றிருந்தது. சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒத்துப் பார்த்தான். "சீட் ஒரிஜினல் இல்லை... கண்ணாடி வேற வண்டியோடது... செயின் நீண்டிருக்கு" என்று வரிசையாகக் குறை சொல்லி, எட்டாயிரம் குறைத்துக் கேட்டான்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம் வந்தது! 'சூப்பர்' என்றவர் சுவரில் ஆணி அடிக்கத் தயாராக இருந்தார். குறை கண்டுபிடித்தவன்தான் வண்டியை வண்டியாகப் பார்த்தான். குறை தெரிந்தவன்தானே அதைச் சரிசெய்வான்? கொடுத்துவிட்டேன். ரெஸ்டாரன்ட்காரர் தருவதாகச் சொன்னதோடு ஒப்பிட்டால் 23,000 ரூபாய் நஷ்டம். வீட்டில் கணக்கு கேட்டார்கள். சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இளைஞர்களே, ஒரு விஷயம். சாவியைக் கொடுத்தால் வண்டி கை மாறியதாக அர்த்தம் இல்லை. ஃபாரம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெயர் மாறினால்தான் மாறியது. விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். இல்லாவிட்டால், வாங்கியவர் எங்கேயாவது இடித்தாலும் நஷ்டஈடு உங்கள் தலையில்தான் விடியும். ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே ஓனர் என்று 2018-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதனால் நானும் அந்தத் தம்பியும் சேர்ந்தே போய், பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். 

பத்து நாள் கழித்து, ஞாயிறு காலை போன். எடுத்த மனைவி, "உங்க வண்டிதான் பேசுது" என்று என்னிடம் நீட்டினாள். காதில் வைத்தேன். டுப்... டுப்... டுப்... பின்னாலேயே அவன் குரல். "புது செயின் போட்டுட்டேன் சார். சத்தம் எப்படி இருக்கு?"

கண்ணை மூடிக் கேட்டேன்.

"பாயின்ட் கேப் கொஞ்சம் பார்க்கணும் தம்பி" என்றேன்.