தொட்டியின் அடியில் கிடந்தது



தென் அந்தமானில் உள்ள பாம்பூஃப்ளாட்டில் நான் குடியிருந்த நாட்களில் நிகழ்ந்த ஒன்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். கடலைத் தாண்டிச் சாத்தாமுக்குப் படகில் கால் மணி நேரம்தான். சாலை வழியே சுற்றிச் சென்றாலோ நாற்பது கிலோமீட்டருக்கும் மேல். அப்படிப்பட்ட இடத்தில் இருசக்கர வாகனம் மனிதனுக்கு மூன்றாவது கால்.

ஓர் இரவு விம்பர்லிகஞ்சில் நோயுற்றிருந்த ஒரு தாயாரைக் காணப் புறப்பட்டேன். பாதி வழியில் எனது பழைய நூறு சிசி வண்டி ‘மிஸ்ஸிங்’ அடிக்கத் தொடங்கிற்று. விக்கியது, சைலன்சரில் பட்பட்டென்று வெடித்தது, வேகத்தைக் குறைத்தவுடன் நின்றேவிட்டது. தள்ளிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது அந்தத் தாயார் காத்திருந்து களைத்து உறங்கிவிட்டார்கள்.

மறுநாள் எங்கள் பகுதியில் பட்டறை வைத்திருந்த ஒரு வாலிபனிடம் வண்டியை விட்டேன். அவன் கார்புரேட்டரைச் சுத்தம் செய்து கொடுத்தான். நான்கே நாட்களில் அதே கோளாறு திரும்பி வந்தது. நான் கோபத்தோடு போய், நாலு பேர் நடுவில், “காசை வாங்கிக்கொண்டு கண்துடைப்பு வேலை செய்திருக்கிறாயே” என்று கேட்டேன். அவனோ அமைதியாக, “பாஸ்டர் ஐயா, நான் சுத்தம் செய்தது உண்மை. டேங்கைக் கழற்றிப் பார்க்கலாமா?” என்றான். “டேங்கில் என்ன இருக்கப்போகிறது?” என்று சொல்லி வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

வேதாகமக் கல்லூரி நாட்களில் பழைய வண்டி ஒன்றைக் கழற்றிப் பூட்டிப் பழகிய கை எனக்கு இருந்தது. ஆகவே நானே உட்கார்ந்தேன். இஞ்சின் ஓடுவதற்குக் காற்று, பெட்ரோல், தீப்பொறி ஆகிய மூன்றும் வேண்டும். முதலில் பிளக்கைக் கழற்றினேன். கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. இளம்பழுப்பாக இருந்தால் நலம். எனது பிளக்கோ வெளுத்திருந்தது. புதிய பிளக் மாட்டியும் பயனில்லை. சோக்கை இழுத்தால் மட்டும் வண்டி ஓடிற்று. சோக் காற்றைக் குறைக்கிறது. அப்போது ஓடுகிறதென்றால், மற்ற வேளையில் இஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்பதே பொருள்.

ஏறத்தாழ பதினைந்து பங்கு எடையுள்ள காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோலைக் கலந்து கொடுப்பதே கார்புரேட்டரின் வேலை. வண்டி நின்றபடி ஓடும்போது பெட்ரோலை அளந்து தருவது பைலட் ஜெட். விரைந்து ஓடும்போது மெயின் ஜெட். பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு தூசி போதும், அது அடைபட.

இஞ்சின் ஆறிய பின், நெருப்பில்லாத திறந்த வெளியில், கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்திலிருந்த பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குப்பியில் வடித்தேன். பெட்ரோலுக்கு அடியில் தண்ணீர் முத்து முத்தாகத் தேங்கி நின்றது. அதனோடு செம்பழுப்புத் துகள். துரு! பெட்ரோல் காக்கைத் திறந்தேன். அங்கிருந்தும் அதுவே வந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்கு முன் இரண்டு மாதங்கள் நான் தமிழ்நாட்டில் இருந்தேன். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் அந்தத் தீவில், மழைக்காலத்தில், பாதி டேங்க் பெட்ரோலோடு வண்டியை நிறுத்திவிட்டுப் போயிருந்தேன். வெறுமையான பாதியில் இருந்த ஈரக்காற்று இரவின் குளிர்ச்சியில் நீராகி, இரும்பைத் துருவாக்கியிருக்கிறது. வாலிபன் கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும், மேலேயிருந்து துரு இறங்கிக்கொண்டேதான் இருக்கும். குற்றம் என்னுடையது, ஏச்சு வாங்கியவன் அவன்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். வழியெல்லாம், அவன் தனியாக இருக்க வேண்டுமே என்றுதான் விரும்பினேன். ஆனால் அன்றும் அங்கே நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்பாகவே, “தம்பி, நீ சொன்னது சரி. நான் உன்னைப் பேசியது தவறு, மன்னித்துவிடு” என்றேன். அவன் கூச்சத்தோடு சிரித்து, “டேங்கை இறக்குங்க ஐயா” என்றான்.

இருவருமாக டேங்கை வடித்து, சிறு நட்டுகளை எண்ணிப் போட்டுக் குலுக்கி, எண்ணி வெளியே எடுத்தோம். பெட்ரோல் விட்டு அலசிக் காயவைத்தோம். ஜெட்டைக் குத்த நான் கம்பியைத் தேடினேன். அவன் தடுத்து, “பித்தளைத் துளை பெரிதாகிவிடும்” என்று சொல்லி மெல்லிய தூண்டில் நரம்பை எடுத்துக் கொடுத்தான். காற்றுத் திருகைக் கழற்றுமுன் எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொண்டான். முடிவில் பெட்ரோல் குழாயில் ஒரு சிறு வடிகட்டியையும் பொருத்தினான். வண்டி முதல் உதையிலேயே சீராக ஓடிற்று.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பின் புதிய வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை. ஆயினும் உங்களில் பலருடைய வீட்டு வாசலில் பழைய வண்டி இன்னும் நிற்கும். ஊருக்குப் போகுமுன் டேங்கை நிரப்பி, பெட்ரோல் காக்கை மூடி, அடிக்கிண்ணத்தை வடித்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து வண்டி விக்கினால், மெக்கானிக்கைக் கடிந்துகொள்ளுமுன் அந்தக் குப்பியை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

அன்று மாலையே நான் விம்பர்லிகஞ்சுக்குப் போனேன். அந்தத் தாயார் விழித்திருந்தார்கள்.